மூன்றரைக் கிலோ

தூண் என்றால் மேலே ஏதாவது இருக்க வேண்டும்.
ஒரு தளம், ஒரு பாலத்தின் முதுகு,
குறைந்தது ஒரு கூரையின் கவலை.
பகலில் எனக்குச் சம்பளமே அந்தக் கணக்குக்குத்தான்:
எது எதைத் தாங்கும், எத்தனை வருடம்,
விழுந்தால் யாருடைய கையெழுத்து.

அக்டோபர் இரண்டாம் வாரம், லிங்கனில்,
காரை வெளியே நிறுத்திவிட்டு
கராஜில் தெர்மோகோல் பலகைகளை
நான்கு நான்காகப் பெட்டிபோல் ஒட்டினேன்.
உயரம் ஆறடி. உச்சியில் ஒரு பூசணி, அதுவும் பிளாஸ்டிக்.
சுமை: சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

சூட்டுக் கத்தியால் ஒரு கோடு கீறினால் போதும்,
கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சுண்ணாம்பு இருப்பதாகக்
கண் நம்பிவிடுகிறது.
நேர்கோடு வேண்டாம் அம்மா, என்றாள் கோதை,
இது வீடில்லை, கல்லறைத் தோட்டம்.
இருபது வருடப் பழக்கம், கை நேராகத்தான் போகிறது.
அவளிடம் கத்தியைக் கொடுக்க முடியாது; ஒன்பது வயது.
கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரிசை கீறினேன்.
அதுதான் நன்றாக வந்தது.

ஞாயிறு மலையேறினோம், கதீட்ரலுக்கு.
எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
நாங்கள் இருவரும் குனிந்து
சுவரின் அடியில், மழை தெறிக்கும் இடத்தில்,
பச்சை எதுவரை ஏறியிருக்கிறது என்று
ஸ்கேல் வைத்துப் பார்த்தோம்.
பதினோரு சென்டிமீட்டர்.
காவலர் ஒருவர் வந்து என்ன தேடுகிறீர்கள் என்றார்.
பாசி, என்றாள் கோதை. அவர் போய்விட்டார்.

சாம்பல் பூச்சு, அதன்மேல் வழியவிட்ட கறுப்புத் தண்ணீர்,
காய்ந்த பிரஷில் வெள்ளை, பட்டும் படாமலும்.
பாசிக்குக் காலாவதியான மருதாணிப் பொடி.
ஸ்ப்ரே பெயின்ட் அடித்ததும் ஒரு மூலையைத் தின்றுவிட்டது,
தெர்மோகோல் உருகிக் குழிந்து, பொரிந்து.
பதறி நின்றேன். பிறகு பார்த்தால்
ஐந்நூறு வருட மழை ஐந்து நொடியில் பெய்திருந்தது.
டப்பா முழுவதையும் காலி செய்தோம்.

இருபத்தெட்டாம் தேதி இரவுக் காற்றில்
ஒன்று கிளம்பிப் போய்விட்டது.
காற்றுக்கான கணக்கைப் போடவில்லை. நான், அதுவும் நான்.
காலையில் தெருக்கோடியில் டெரெக் வீட்டு வேலியில் சாய்ந்திருந்தது,
குடித்துவிட்டு வீடு தவறியவர் போல.
அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பினேன், மூன்றரைக் கிலோ,
மற்றக் கையில் டீ.
எதிரே வந்த பஸ் மெதுவாகி நின்றது.
ஓட்டுநர் வாயைத் திறந்தார், ஒன்றும் சொல்லவில்லை.
கற்றூணைத் தூக்கிப் போகிற ஒருத்தியாக
யாரும் என்னை அதுவரை பார்த்ததில்லை.
வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன்.

அதன்பிறகு உள்ளே ஒரு கழி, இரண்டு மணல் மூட்டை.

முப்பத்தொன்று.
எங்கள் முன்வாசலுக்கு மதில் கிடையாது, வேலி கிடையாது,
கேட் என்று ஒன்று இருந்ததே இல்லை.
நடைபாதையிலிருந்து புல்லில் கால்வைத்து
எங்கிருந்தும் நேரே வரலாம்.
ஆனால் எலும்புக்கூடுகளும் சூனியக்காரிகளும்
ஒரு குட்டி டைனோசரும்
சுற்றிக்கொண்டு போய், வரிசையில் நின்று,
இரண்டு தூண்களுக்கும் நடுவே
ஒவ்வொருவராக நுழைந்தார்கள்.
டைனோசர் மட்டும் நின்று தட்டிப் பார்த்தது.
டொப்பென்று வெற்றோசை.
என்னை நிமிர்ந்து பார்த்தது.
உதட்டில் விரல் வைத்தேன்.
வால் ஆட, தலையாட்டிவிட்டு உள்ளே வந்தது.

குப்பை வண்டி இதை எடுக்காது. வெட்டிப் பையில் போட வேண்டும்.
அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று விட்டிருக்கிறேன்.
தபால்காரர் இப்போதும் அந்த வழியாகத்தான் வருகிறார்.
காரைப் பூட்டிவிட்டு, மழையில்,
ஃபைலைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஓடும்போது
நானும்.

பிப்ரவரியில் அடியில் பச்சை படர்ந்திருந்தது,
மருதாணி இல்லை, நிஜம்.
கோதை ஸ்கேலோடு குனிந்தாள்.
நாலு, என்றாள்.